வெள்ளம் கோருதல்

சனிக்கிழமை முழுக்க மழை.
மைதீன்பிச்சை திருவிதாங்கோட்டிலிருந்து
அரைச்சாக்கு மரச்சீனியோடு வந்து இறங்கி
"கடல் எங்கே?" என்றான்.
ஜன்னலில் அது இருந்த இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு ஈரத்துணி.

அவித்தோம். காந்தாரி மிளகாய் அரைத்தோம்.
தோஹாவில் ஏசி மெக்கானிக்கான கொழுந்தன் வின்சோ
நடுவீட்டில் குத்தவைத்து
நீலத் தார்ப்பாயில் பாய் தைத்துக்கொண்டிருந்தான்.
முப்பது நாள் லீவில் பதினெட்டு முடிந்துவிட்டது.
எஞ்சின் பழுதாகிக் குளச்சலுக்குப் போயிருக்கிறது.
"நல்லதாப் போச்சு.
சத்தமில்லாம ஒரு தடவை போணும்."

கடலுக்குச் சும்மா போவதா?
தெருவில் அதுதான் பேச்சு.
எங்கள் ஆட்கள் மீனுக்குப் போவார்கள்.
சும்மா போகிறவர்கள்
விவேகானந்தர் பாறைக்கு டிக்கெட் எடுப்பார்கள்.

ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்தபோது
மழை கொஞ்சம் மூச்சு வாங்கியது.
பொழி உடைந்து கிடக்கிறது,
கடல் வேண்டாம், காயலோடு நிற்போம் என்றார் செல்சன்.
என் கணவர். இருபத்தாறு வருடம் தொழில்.
சொன்னால் சொன்னதுதான்.

மணக்குடிப் பாலத்துக்கு வடக்கே ஒன்பது பேர் ஏறினோம்.
நாகர்கோவிலிலிருந்து சுயம்பு, அவன் மனைவி பொன்னரசி
(குடையை விரித்தபடியே ஏறினாள்).
நாத்தனார் டெல்பின்,
லைஃப் ஜாக்கெட்டில் பலாக்காய்போல அவள் பிள்ளைகள் இரண்டு.

நானும்.

இதைச் சொல்லியாக வேண்டும்.
எனக்கு நாற்பத்து நாலு வயது.
அலையிலிருந்து எண்பதடியில் பிறந்து
எண்பதடியிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள்.
ஏலக்கணக்கு, ஐஸ் கடன், வலையின் கண்ணளவு எல்லாம் தெரியும்.
வள்ளத்தில் கால் வைத்ததில்லை.
வராதே என்று யாரும் சொன்னதில்லை.
வா என்றும்.

பாய் முதலில்
நனைந்த கோழிபோல் உதறிக்கொண்டது.
பிறகு கச்சான் வந்து
அதற்குள் உட்கார்ந்தது.
வள்ளம் ஒருபக்கம் சாய
பொன்னரசி முருகா என்றாள்,
டெல்பின் மாதாவே என்றாள்,
மைதீன் ஒன்றும் சொல்லாமல்
மரச்சீனிப் பாத்திரத்தைக் கட்டிப்பிடித்தான்.
எவ்வளவு அமைதி!
பலகைக்கு அடியில் தண்ணீர் ஓடுவது
உள்ளங்காலில் கேட்டது.

அப்புறம் மழை.
மேலிருந்து அல்ல.
உப்பளங்களைத் தாண்டி
வெள்ளைச் சுவராய் நடந்து வந்தது.
பாலம் போனது. கோயில் மணிக்கூண்டு போனது.
கண்டல் செடியில் நின்ற நாரை
இருந்ததா போனதா தெரியவில்லை.
குடை ஒருமுறை மலர்ந்து
தானாகப் புறப்பட்டது காயலில்.
சுயம்பு அதற்கு டாட்டா காட்டினான்.

கணுக்காலுக்கு வெள்ளம் ஏறிவிட்டது.
பாயிலிருந்து கண்ணெடுக்காமல்
செல்சன் சொன்னார்: "கோரு."
என்னிடம்தான்.

மூடியில்லாத ஐஸ்கிரீம் டப்பா, இரண்டு லிட்டர்.
முதல் வீச்சு காற்றுக்கு எதிரே போய்
அத்தனையும் அவர் முகத்தில்.
பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.
அவர் துடைக்கக்கூட இல்லை.
"அந்தப் பக்கம்."

பள்ளி ஆபீசில் நான் தினமும் எழுதும் சொல்.
விடுப்பு கோரி.
முன்பணம் கோரி.
மாற்றுச் சான்றிதழ் கோரி.
கையெழுத்துக்காக
மேஜை மேஜையாய் நின்று தேயும் சொல்.
இங்கே அது
யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.
குனிந்தது, அள்ளியது, எறிந்தது.
நூற்றிப்பத்து வரை எண்ணினேன்.
அதற்குமேல் கைதான் எண்ணியது.

மழை விட்டபோது
மரச்சீனி மட்டும் நனையாமல் இருந்தது.
ஒரே பாத்திரத்தில் ஒன்பது கை.
இடுப்பு ஒடிந்துவிடும்போல் வலி,
இவ்வளவு பசித்ததே இல்லை.

கரையில் நின்ற மரிய கொரற்றி கேட்டாள்,
"என்னக்கா, பாடு உண்டா?"
"ஒண்ணுமில்ல. ஒரு குடை நட்டம்."

அடுத்த ஞாயிறும் மழையாம்.
வின்சோவுக்கு அதற்குமேல் நாலு நாள் இருக்கும்.
தார்ப்பாய் மாடிக் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது.
டப்பாவை வள்ளத்தில் விடவில்லை,
நான் எடுத்து வந்துவிட்டேன்.