வழங்கலாம்

டுலூத்தில், சுகாதாரத் துறையின் விசாரணை அறையில்,
இருபத்தொன்பது வருடமாக நான் சுருக்கெழுத்து.
சொன்னதைப் பதிவேன். அவ்வளவுதான் வேலை.

பேராசிரியர் ராக்னா ட்வைட்டை முதலில் கேட்டது
கட்டில் கம்பி விதிக்கான பொதுக் கருத்துக் கூட்டத்தில்.
பொது என்று வந்தவர் ஒரே ஒருவர்,
அவரும் குளிருக்கு ஒதுங்கியவர்.
அவருக்காக நாற்பது நிமிடம் பேசினார்
முதியோர் இல்லத்தில்
மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி ஆகும் என்று.
ஒரு கழுத்து நுழையும் அளவு என்று சொல்லவில்லை,
இரண்டு கையால் காட்டினார்.
கையைத் தட்டச்சு செய்ய முடியாது.
'சாட்சி சைகை செய்கிறார்' என்று போட்டேன்.

பிறகு வருடா வருடம் வந்தார்.
டயாலிசிஸ் தண்ணீர். ஆம்புலன்ஸ் எல்லை.
இரவில் எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர்.
அவர் எழுதிய புத்தகத்தை
பஸ்ஸில் யாரும் படித்து நான் பார்த்ததில்லை.
தடிமனாக இருக்கும்.

அவருடைய சண்டையெல்லாம் இரண்டு எழுத்தோடு.
'வழங்கலாம்' என்றிருக்கும் இடத்தில்
'வழங்க வேண்டும்' கேட்பார்.
"வெறும் நடை வித்தியாசம்தானே, மேடம்"
என்றார் துறையின் வக்கீல் ஒருநாள்.
"ஆமாம், நடக்க முடியாதவர்களுக்கு" என்றார்.
நான் சிரித்ததை நான் பதியவில்லை.

ஒரே ஒருமுறை விட்டுக்கொடுத்தார்.
பதினாறு வேண்டும்களுக்கு விலையாக
ஒரு லாம்.
வீட்டுக்கு இரவுச் செவிலியர்: ஏழாம் பிரிவு, இ.
அன்று கைகுலுக்கினார்கள். காப்பி ஆறிப்போயிருந்தது.

போன ஜனவரியில் வந்தபோது
சாட்சி நாற்காலியில் உட்காரவில்லை,
மனுதாரர் பக்கம் உட்கார்ந்தார்.
கணவர் ஆஸ்மண்டுக்குப் பக்கவாதம்.
இரவுக்கு ஆள் மறுத்துக் கடிதம்.
தூங்கி இருபது நாள் ஆகிறது என்றார்,
எண்ணை மட்டும் சொல்வதுபோல.

அதிகாரி சின்னப் பையன், நல்லவன்.
பிரிவைத் தேடி எடுத்து வாசித்தான்:
"...துறை வழங்கலாம்."
நிமிர்ந்து கேட்டான்,
"இந்தச் சொல்லில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"அது என் சொல்."

அதற்குப் பிறகு பதினோரு வினாடி.
மௌனத்துக்கு என் எந்திரத்தில் விசை இல்லை.
ஜன்னலுக்கு வெளியே பனி உடைக்கும் கப்பல் ஒன்று
துறைமுகத்தை மெல்லக் கிழித்துக்கொண்டிருந்தது.

தீர்ப்பு தபாலில் வரும் என்றான்.
நான் எந்திரத்தை மூடினேன்.
"நீங்கள் போகலாம், பேராசிரியர்."

அவர் போகவில்லை.

மறுபடி திறந்தேன்.