எறியாத தோல்

நாற்பதாம் நாளுக்கு ஒஸ்தாவைக் கூப்பிட்டிருந்தோம்.
ஆறு கோழி. கிண்ணியாவிலிருந்து மச்சி.
முப்பத்தெட்டாம் நாள்
நிறை பார்க்க வந்த மிட்வைஃப்
நாப்பியைக் கழற்றியவள் மூடவில்லை.
"மூத்திரம் எங்கால போகுது, பாத்தனீங்களோ?"

பார்த்திருந்தேன்.
பார்த்துவிட்டு என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன்.
சோனகத் தெருவில் பழைய இரும்பு எடுக்கிறவன் நான்,
எந்தக் குழாயில் எங்கே பொத்தல் என்று
தட்டியே சொல்லிவிடுவேன்.
இதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டொக்டர்
துண்டின் பின்பக்கம் கீறிக் காட்டினார்:
வாசல் நுனியில் இல்லை, கீழே.
கூடவே ஒரு வளைவு.
வலது விதை இன்னும் இறங்கவில்லை.
ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் இருந்தன,
அல்ஹம்துலில்லாஹ்.
வயிற்றுக்குள் மூடிக்கொண்டு வந்த தையல்
பாதி வழியில் நின்றிட்டுதாம்.

நஸ்மியா தன் கணக்கை எடுத்தாள்:
அன்னாசி தின்றது,
கிரகணத்தன்று மீன் வெட்டினது,
தண்ணி வாளி தூக்கினது.
ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை ஆட்டினார்,
இல்லை, இல்லை, அதுவும் இல்லை.

பிறகு இரத்தம் கொழும்புக்குப் போனது,
பிள்ளை ஆண்தானா என்று கேட்டு.
மூன்று கிழமை
நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
அவள் கூப்பிட்டாள்.
முன்னையைவிடச் சத்தமாக,
அடுத்த வீட்டுக்கும் கேட்க: ஸஹ்லான், ஸஹ்லான்.

ஆண்தான் என்று வந்தது.
வந்த பிறகு அவன் முகத்தைப் பார்க்க
எனக்கு வெட்கமாய் இருந்தது.

"ஒண்டு மட்டும் வடிவாக் கேளுங்கோ," என்றார் டொக்டர்,
"சுன்னத்து வைக்கவேண்டாம். அந்தத் தோல் எனக்கு வேணும்.
புதுப் பாதை அதிலதான் தைக்கிறது."

ஒஸ்தா முற்பணத்தைத் திருப்பித் தந்தார்.
பையின் சிப்பை இழுத்து மூடிவிட்டும் எழும்பவில்லை.
"மூண்டு பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருக்கிறன்.
ஒண்டைக் கவனிக்காமல் வெட்டிப்போட்டன்.
புத்தளம், முகாம், லாம்பு வெளிச்சம்."
தேத்தண்ணீர் ஆடை கட்டியது.
குடிக்காமல் போனார்.

பதினாலாம் மாதம் வெட்டினார்கள்.
விதையை இறக்கினார்கள், வளைவை நிமிர்த்தினார்கள்.
நாப்பிக்கு மேல் நாப்பி,
இடையில் நூல்போல் ஒரு குழாய்,
சொட்டு, சொட்டு.
இரவில் உடம்பை முறுக்கி அழுவான்.
வார்டு ஃபேன் எங்களுக்கு எட்டாது,
அவள் எக்ஸ்ரே மட்டையால் விசிறினாள்.
எட்டாம் நாள் குழாயை எடுக்க
இரண்டு இடத்தால் வந்தது.
ஊசித் துளை. "வாறதுதான்," என்றார், "ஆறு மாசம் பொறுங்கோ."
பொறுத்தோம். ஒன்பதானது.
இன்னொருக்கா.

இப்போது மூன்றரை வயது.
முற்றத்து இரும்புக் குவியலுக்குப் பக்கத்தில்
நின்றுகொண்டு பெய்கிறான்,
பெயின்ட் தகரத்தில் சத்தம் கேட்க.
ஒரே தாரை. இடப்பக்கம் கொஞ்சம் சாயும்.
உம்மா ஏசுவாள், கக்கூசுக்குப் போடா என்று,
நான் ஏசுவதில்லை.

பள்ளிவாசலில் கேட்கிறார்கள்:
சுன்னத்து முடிஞ்சுதா?
முடிஞ்சுது என்கிறேன்.
ஒன்றையும் எறியவில்லை என்பதை
இரும்புக்காரன்
தனக்குள்ளே வைத்துக்கொள்கிறேன்.