இருபத்தொன்றாம் நாள்

எண்ணூர்க் கழிமுகத்தில்
சாம்பல் படிந்த சேற்றில் முட்டிவரை இறங்கி
வெண்கண்டல் இலை பறித்துத் தந்தார் தேசப்பன்.
இரண்டு கோணி. அறுநூறு ரூபாய்.
இலையின் அடியில் உப்பு பூத்திருந்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன்,
ஆய்வேட்டில் அதை எழுதவில்லை.

தரமணியில் நிழலில் உலர்த்தி, அரைத்து,
எத்தனாலில் ஊறவைத்து வடித்தால்
கடைசியில் மிஞ்சுவது
ஒரு சின்னப் புட்டி கரும்பச்சைப் பிசின்.

முப்பது வெள்ளெலிகள்.
முதலில் நாங்களே சர்க்கரை நோய் கொடுத்தோம்.
பிறகு மருந்து.
முதுகில் இரண்டு மஞ்சள் கோடு போட்ட எலிக்கு
முந்நூற்றுத் தொண்ணூறு
நூற்றிருபதாக இறங்கியது.
அன்று கேன்டீனில் எல்லோருக்கும் என் செலவில் டீ.

இருபத்தொன்றாம் நாள்
அதன் கணையத்தைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தேன்.
அழகாக இருந்தது.

அடுத்த மாதம் இலைக்குப் போனபோது
தேசப்பன் துடுப்பை நிறுத்தினார்.
கால்விரலில் ஆறாத புண்,
அதன்மேல் பால் பாக்கெட் உறை கட்டியிருந்தார்.

"எலிக்கு குணமாச்சாமே?"
"ஆச்சுண்ணே."
"இப்ப எப்டிக்கீது?"

ஏற்றம் தொடங்கியிருந்தது.
மூச்சுவேர்கள் ஒவ்வொன்றாய்த் தண்ணீருக்குள் போயின.
நான் கோணியின் வாயை
விரித்துப் பிடித்தேன்.