டக்

கோட்டையூர் பங்கில் என் காரைக் கண்டதுமே
திருமேனி கைக்கடிகாரத்தைப் பார்ப்பான்.
நாசிலைச் செருகி அழுத்துவான்.
டக்.
முப்பத்தெட்டு ரூபாய்.
மறுபடி அழுத்துவான். டக். அறுபத்தொன்று.
பின்னால் வாழைத்தார் மினிலாரி,
அதற்குப் பின்னால் கல்யாண வேன்,
அத்தனை ஹாரனும் என் முதுகில்.
"அக்கா, இதுக்குச் சங்குலதான் புகட்டணும்."

முள் சிவப்பில் கிடக்கும்.
டேங்க் மட்டும் வயிறு நிறைந்ததென்று
சத்தியம் செய்யும்.

தலைகீழாகத் திருப்பிப் பிடி என்றார்கள்.
பாதி மட்டும் நுழை என்றார்கள்.
புதுவயலில் வேறு பங்க், அங்கே டக்.
தேவகோட்டை ரஸ்தாவில் வேறு கம்பெனி, டக்.
மூடியை மாற்றினேன், நூற்றெண்பது.
விடியலில் பெட்ரோல் குளிர்ந்திருக்கும், போய்ப் பார் என்று
ஈப்போவிலிருந்து தம்பி.
ஐந்தரைக்குப் போனேன்.
குளிர்ந்த டக்.

நான் ரத்தம் எடுப்பவள்.
பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம்,
வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள்.
ஒன்பதே முக்காலுக்குள்
காரைக்குடி லேபில் ஐஸ் பெட்டி இறங்கியாக வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை
சோலையப்பன் முழங்கையில் நரம்பு தேடிக் குத்தினேன்.
குழாய் இரண்டு சொட்டு வாங்கி நின்றுவிட்டது.
பழைய குழாய். எப்படியோ உள்ளே காற்று புகுந்திருக்கிறது.
ஊசியை அசைக்காமல் வேறொன்றை மாட்டினேன்.
அது தானாகவே இழுத்தது,
வெயிலில் நடந்து வந்தவன் சொம்பை வாங்குவதுபோல.
"முடிஞ்சுதா?" என்றார் அவர்.
நான் அவர் கையைப் பிடித்தபடி
டேங்கை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதாயத்துல்லா பட்டறையில்
சென்சார், மோட்டார், நாலாயிரம் என்று ஆரம்பித்தார்.
"டேங்குக்குள்ள இருக்கிற காத்து
எந்த வழியா வெளிய போகும் பாய்?"
பேனாவைக் காதில் செருகிக்கொண்டார்.
ஜாக்கியில் தூக்கி, மூச்சுக்குழாயைக் கழற்றி,
வாயில் வைத்து ஊதினார்.
கன்னம் உப்பியது. கண் சிவந்தது.
அந்தப் பக்கம் ஒரு தூசியும் அசையவில்லை.

கம்பியை விட்டுக் குடைந்தார்.
பழைய பேப்பரில் உதிர்ந்தது செம்மண்.
குளவிக்கூடு, இரண்டு அறை.
உடைந்த அறையில் பச்சைப் புழுக்கள்,
செத்தும் சாகாமலும்.
நடுவே அரிசிபோல் வெள்ளையாய் ஒன்று
தின்றுகொண்டிருந்தது.

"குளவி கூடு கட்டினா விசேஷம்பாங்க" என்றவர்
என் நரைத்த வகிட்டைப் பார்த்துவிட்டுத்
துணியைத் தேடினார், கை துடைக்க.
ஸ்பேனர் எடுத்துத் தரும் பையன்தான் சொன்னான்,
"வண்டிக்குத்தான் பாய். செம்மண்ணு,
பொம்பளப் புள்ள."
சிரித்தேன்.
தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே.

டீ வடிகட்டி வலையை வெட்டிக்
குழாய் முனையில் கட்டினார். நூற்றைம்பது.
உடையாத அறையைச் சாம்பிள் டப்பாவில் வைத்து
மூடியில் ஊசியால் மூன்று துளை போட்டேன்.
பழக்க தோஷம், லேபிளும் ஒட்டினேன்.
பெயர்: எழுதவில்லை.
எடுத்த இடம்: பின்சக்கரம், வலது.
நேரம்: நாலு பத்து.

கோட்டையூர்.
திருமேனி கடிகாரம் பார்த்தான், அழுத்தினான்.
ஓடியது.
நூறு, ஐந்நூறு, ஆயிரம்.
அவனுக்கு மற்றொரு கையை
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.
"அக்கா, எங்க நிறுத்த?"
வாயடைத்து நின்றேன்.
மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டில்
அதுவாகவே சொன்னது டக்.
பையில் ஆயிரத்து இருநூறு.
இத்தனை மாதம் என் வரவு செலவை
யார் பார்த்துக்கொண்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.
மீதிக்குப் போனை நீட்டினேன்.

ஆறாம் நாள் பள்ளத்தூரில்
முதல் வீட்டுக் கதவு திறக்கக் காத்திருக்கையில்
டாஷ்போர்டில் யாரோ சுரண்டுகிற சத்தம்.
ஊசித் துளை அதற்குப் போதாது.
மூடியைத் திருகித் தளர்த்திவிட்டுக்
கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.
கையுறையை மாட்டிக்கொண்டு
உள்ளே போனேன்.