அரைப் பேர்

நாலு பத்துக்கு அலாரம்.
அடிப்பதற்குள் கை போய் அமுக்கிவிடும்.
அடுத்த காம்பராவில் பாப்பா விழித்தால்
இந்தக் காம்பராவில் நாலு பேரும் விழிக்கவேண்டும்;
சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.

கழுத்தில் இரண்டு விரல் வைத்து
ஒரு நிமிஷம் எண்ணுகிறேன்.
நாற்பத்தொன்பது என்றால் ஓடலாம்.
ஐம்பத்தைந்து என்றால் மெதுவாக.
இன்று அறுபத்திரண்டு.
மறுபடி எண்ணினேன், அறுபத்து நான்கு.
மூன்றாம் தரம் எண்ணாமல்
சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

ஏழாம் நம்பர் மலைக்கு ஏறுகிற ரோட்டில்
நெற்றி விளக்கு இரண்டு முழத்துக்குமேல் போகவில்லை.
அதற்கப்பால் பனிதான்.
ஸ்டோரு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைப்பதை விட்டு
மாதங்கள் ஆகின்றன.
பன்னிரண்டு கிலோமீற்றர்.
கடைசி இரண்டில்
கால் யாரோ இரவல் கொடுத்தது போல் இருந்தது,
திருப்பிக் கேட்கிறார்கள் போலவும்.

பிறகு பச்சைத் தண்ணீர், ரொட்டி, சம்பல்,
ஆறே முக்கால் பஸ்.
ஹற்றனில் பார்மசி. எட்டு மணித்தியாலம் நிற்பது.
நிற்பதை எழுத
பயிற்சிக் கொப்பியில் கோடு போட்ட இடம் இல்லை.
தூக்க மாத்திரை கேட்டு வருகிறவரிடம்
துண்டு இருக்கா என்று கேட்கிறேன்,
கொட்டாவியை முகக்கவசத்துக்குள் ஒளித்துக்கொண்டு.

வீடு திரும்பி மாலையில் எட்டு.
ராத்திரி ரெஜினா அனுப்புகிறாள்:
பதினொரு மணிக்கு ஏன்டி ஒன்லைன்ல இருக்க?
அவள் பத்தாயிரத்தை
என்னைவிட நாற்பது செக்கன் முன்னால் முடிக்கிறவள்.
அந்த நாற்பது செக்கனில் எனக்குப் பொறாமை இல்லை.
அவள் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது,
அதில்தான்.

அம்மாவின் கொழுந்து இரண்டு கிலோ குறைந்தால்
அன்றைக்கு அரைப் பேர்.
என் கொப்பியில் நானே கணக்கப்பிள்ளை.
எட்டு மணித்தியாலம் தூங்கினால் ஒரு பேர்,
ஐந்தரைக்கு அரைப் பேர்.
நாலுக்கு என்ன போடுவதென்று தெரியாமல்
புள்ளி வைத்துவிட்டிருக்கிறேன்.
இந்த மாதம் முழுப் பேர் மூன்று.
மூன்றும் கரன்ட் போன ராத்திரிகள்,
அடுத்த காம்பராவில் டீவி செத்துக் கிடந்தவை.
ஓடிய பக்கத்தில் மட்டும் ஒரு நாள் விடவில்லை.
அதைக் காட்டி
யாரிடம் சம்பளம் வாங்கப் போகிறேனோ.

வியாழக்கிழமை ஜன்னல் சீட் கிடைத்தது.
கொட்டகலைக் கடைகளின் வெளிச்சம் ஞாபகம் இருக்கிறது.
பிறகு கொண்டக்டர் தோளைத் தட்டி,
"தங்கச்சி, நீங்க தலவாக்கலைக்குத்தானே டிக்கட் எடுத்தீங்க?"
வெளியே நானுஓயா. மழை.
மேலதிகக் காசைக் கொடுத்தேன்.
கன்னத்தில் ஜன்னல் ரப்பரின் தடம்.
இறங்கி நின்று, பழக்க தோஷம்,
கழுத்தில் விரல் வைத்தேன்.
ஐம்பத்தொன்று.
எண்ணெய்க்கும் மசாஜுக்கும் வராமல்
மூன்று வாரமாய்ப் போக்குக் காட்டியது
ஒரு தனியார் பஸ்ஸின் கிழிந்த சீட்டில்
கிடந்திருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்,
இம்முறை ஹற்றன் வரைக்கும் போய்விடக் கூடாதே என்று.
வீட்டில் ஒன்பது மணி.
மாலை எட்டு கிலோமீற்றர் என்று
காலையிலேயே எழுதி வைத்திருந்ததை அடித்துவிட்டு,
'லிந்துலை, றதல்லை, நானுஓயா.
ஒரு மணித்தியாலம் பத்து நிமிஷம்' என்று எழுதினேன்.
பேர் போடவா வேண்டாமா என்று
பேனையைக் கடித்தேன்.

தங்கச்சியின் போன் வெளிச்சத்துக்கு
முதுகைக் காட்டிப் படுத்தேன்.
நாலு பத்து அலாரத்தை எடுத்து,
நிறுத்தவும் இல்லை, ஐந்தரைக்கு மாற்றினேன்.
சுவருக்கு மேலால் டீவியில்
ஒருத்தி அழத் தொடங்கியிருந்தாள்.
அவள் எதற்காக அழுதாள் என்று
காலையில் பக்கத்துக் காம்பராவில்தான்
கேட்கவேண்டியிருந்தது.