நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

பகாவ் கடைவீதியில் மாடி கிளினிக்.
கீழே டயர் கடை.
பதினெட்டு வருசமாய்
நோயாளிக்கு இடப்பக்கம் நான்,
வலப்பக்கம் டாக்டர் கனகாம்பிகை,
நடுவில் திறந்த வாய்.

துளைக்கும் கருவி அவர் கையில்,
எச்சில் உறிஞ்சும் குழாய் என் கையில்.
ஒன்று கீச்சென்று ஏறும்.
மற்றது கரகரவென்று குடிக்கும்.
பின்னறையில் கம்ப்ரசர் இருமிக்கொண்டே கிடக்கும்.
சாயங்காலம் மோட்டோவை எடுக்கும்போது
எல்லாம் நின்றிருக்கும்.
காதுக்குள் மட்டும் நிற்காது.

பூச்சி என்றுதான் முதலில் நினைத்தேன்.
செம்பனைக் காட்டோரம் வீடு, பூச்சிக்கா பஞ்சம்.
சன்னலைச் சாத்தினேன்.
பூச்சி என்னோடு உள்ளேயே தங்கிவிட்டது.

பிறகு எழுத்துகள் போகத் தொடங்கின.
உயிரெழுத்துக்கு ஒன்றுமில்லை,
மெய்தான் கழன்றது.
ச போனது. த போனது. ப எப்போது போனதோ.
ஒருநாள் டாக்டர் பஞ்சு கேட்டார்,
அஞ்சாம் நம்பர் முனையை எடுத்து நீட்டினேன்.
உதட்டைப் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்றால்
முகக்கவசம்.
புருவம் படிக்கக் கற்றுக்கொண்டேன்.
இடது புருவம் ஏறினால் கண்ணாடி,
இரண்டும் சேர்ந்தால் சிமெண்டு குழை.

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
ஒரு அலமாரிக்குள் உட்காரவைத்தார்கள்.
'சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள்.'
கேட்காததற்கு எந்தப் பொத்தானும் இல்லை.
வெளியே வந்ததும் சுஹைலா தாளைக் காட்டினாள்:
கோடு ஒழுங்காக வந்து
நாலாயிரத்தில் பள்ளத்தில் விழுந்து
கொஞ்சம் எழ முயன்றிருந்தது.
'எந்த ஃபேக்டரி?' என்றாள்.
'பல் கிளினிக்' என்றேன்.
பேனா கட்டத்தின் மேலேயே நின்றது.

டாக்டரிடம் சொல்லவில்லை.
சம்பளம், பிள்ளை ஃபீஸ், இன்னும் சில.

போன வியாழன் சடையப்பன் வந்தார்,
செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவர்.
கடைவாய்ப் பல்.
கருவி நின்றதும் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்:
'எங்க ஆலையில வருசா வருசம்
காது டெஸ்ட் பண்ண வேன் வரும்மா.
மூடி போடலன்னா சூப்பர்வைசர் திட்டுவான் லா.
ஒங்களுக்கு என்ன குடுக்கறாங்க?'

'என்ன?' என்றார் டாக்டர்.
சடையப்பன் மறுபடி சொன்னார்.
'என்ன?' என்றார் டாக்டர்,
காதைத் திருப்பி, மெல்ல,
நான் வீட்டில் திருப்புவது போலவே.

பதினெட்டு வருசம்,
கோபத்தில் கத்துகிறார் என்று நினைத்திருக்கிறேன்.

சடையப்பன் சட்டைப் பையைத் துழாவி
ஒரு பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனார்.
ஆரஞ்சு நிறம், பஞ்சு மாதிரி,
ஒரே ஒரு ஜோடி.
டாக்டர் கவசத்தை இறக்கினார்.
அவர் உதட்டில் வயசாகியிருந்தது.
ஒன்றை எடுத்துக்கொண்டார்.
இன்னொன்றை என் பக்கம் தள்ளினார்.

'கெட்ட காதுக்கா, நல்ல காதுக்கா?'
என்று கேட்டாராம்.
நான் 'சரி' என்றேனாம்.

கீழே டயர் கடையில்
யாரோ நட்டுக் கழற்ற ஆரம்பித்தார்கள்.
இருவரும் நிமிரவில்லை.
அடுத்த நோயாளி வாசலில் நின்று
ரொம்ப நேரமாய்க் கூப்பிட்டுக்கொண்டிருந்தது
பிறகுதான் தெரிந்தது.