துவாயைக் கழித்து

ஏழாம் மாதம் ஊருக்குப் போவதாக இருந்தோம்.
வியாழக்கிழமை கண்டி பஸ்ஸுக்கு இரண்டு சீட்டு.
செவ்வாய் இரவே நீ வந்துவிட்டாய்.
சட்டைப்பையில் இன்னும் கிடக்கின்றன
வியர்வையில் மை கரைந்த அந்தத் துண்டுகள்.
உனக்கென்று நாங்கள்
சீட்டு எதுவும் எடுத்திருக்கவில்லை.

உப்புவெளி ஹோட்டலுக்கு
டைல்ஸ் ஒட்ட வந்தவன் நான்.
"நானும் கடல் பாக்கணும்" என்று
மஸ்கெலியாவிலிருந்து பின்னால் வந்தவள் உன் அம்மா.
இரண்டு தரம் பார்த்தாள்.

வெளியே சித்திரை. தார் இளகி
செருப்பில் ஒட்டுகிறது.
உள்ளே உன்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடத்திச்
சூடு ஏற்றுகிறார்கள்.
கம்பளிக்குள் வளர்ந்த எங்களுக்கு
திருகோணமலை வெயிலும் போதாத ஒருத்தி
எப்படிப் பிறந்தாள்?

காலை ஆறு மணிக்கு நிறுவை.
ஞானசெல்விக்குத் தராசு பழைய பகை.
பதினோரு வருடம் கொழுந்து பறித்தவள்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ,
கணக்கப்பிள்ளையின் கோபத்துக்கு ஒரு கிலோ என்று
வெட்டி வெட்டியே எழுதுவார்கள்.
தாதி குலமணி
துவாயை மட்டும் முதலில் வைக்கிறார்.
பிறகு துவாயோடு உன்னை.
பிறகு கழிக்கிறார்.
ஆயிரத்து நாற்பது.
முதல்நாள் ஆயிரத்து அறுபது.
"இருவது கிராம எங்க வெட்டுனீங்க, மிஸ்?"
"ஒருத்தரும் வெட்டேல்லை, அம்மா.
முதல் கிழமை இறங்கும். பிறகு ஏறும்."

மூச்சுவிட மறந்துபோகிறாயாம் நீ.
இரத்தத்தில் கிருமியும் இருக்கிறதாம்.
கிருமி எனக்கு விளங்கியது. மறதிதான் விளங்கவில்லை.
மெஷின் கத்தும்.
யாராவது ஓடி வந்து
பெருவிரல் அளவு உள்ளங்காலைச் சுண்டுவார்கள்.
"மகள், மூச்சு."
எதையோ அடுப்பில் வைத்துவிட்டு வந்தவள்போல்
திடுக்கிட்டு எழும்பும் உன் நெஞ்சுக்கூடு.

சனிக்கிழமை இரவு நான்கு தடவை.
நான்காவது தடவை
சுண்டியும் எழும்பவில்லை.
எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

எந்தத் தெருவில் நடந்தாலும்
கடலில் போய் முடிகிற ஊர் இது.
நாங்கள் நடக்கவில்லை.
மதிலோரம் நின்றோம்.
குப்பைத் தொட்டியடியில் ஒரு புள்ளிமான்
(ஊருக்குள் மான் அலையும் என்று
எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை)
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலின்
லஞ்ச் ஷீட்டை மென்றுகொண்டிருந்தது.
"அதத் தின்னாத! செத்துப்போவ!"
ஒரு வாரத்தில் அவள் உரத்துச் சொன்னது
அது ஒன்றுதான்.
செருப்பைக் கழற்றி எறிந்தாள்.
மான் இரண்டடி தள்ளி நின்று
மறுபடி மென்றது.
அதன்பிறகே அழுதாள்.

செருப்பை எடுத்துவந்து கொடுத்தவள்
பக்கத்துக் கட்டில் றிஸ்மியா, கிண்ணியாக்காரி.
இரட்டையில் ஒன்றைப் போன கிழமை அடக்கியவள்.
ஒன்றும் சொல்லவில்லை.
பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி நீட்டினாள்.
எங்கள் மலைத் தூளா என்று
ஞானசெல்வி மணந்து பார்த்தாள்,
பழக்கதோஷத்தில்.
பிறகு மூவரும் அந்த ஒரு மூடியில்
மாறிமாறிக் குடித்தோம்.

விடியும்போது கூப்பிட்டார்கள்.
உன் மூக்கில் இன்னொரு குழாய் இருந்தது.
நீயும் இருந்தாய்.

மச்சான் போனில் கேட்கிறான், பேரு வச்சாச்சா?
கால் பட்டியில்
ஞானசெல்வியின் பெண் குழந்தை என்று இருக்கிறது,
தற்போதைக்கு அதுதான் என்கிறேன்.
அங்கே மழையாம். அவன் பேச்சுக்குப் பின்னால்
தகரத்தில் விழுகிற சத்தம் கேட்கிறது.
கொஞ்சநேரம் வைக்காமல் இரு என்றேன்.

மூன்று நாள் உன்னை நிறுக்கவில்லை,
தொடக்கூடாது என்று.
குழாய் வழியே இரண்டு மில்லி, மூன்று மில்லி.
கோப்பையில் பீய்ச்சிய பாலை
வெளிச்சத்தில் பிடித்துக் கோடு பார்க்கிறாள் அவள்.
ஒரு துளிகூட ஒருத்தரும் வெட்டிவிடக்கூடாது.

இன்று ஆறு மணி.
துவாய். துவாயோடு நீ.
ஆயிரத்து நாற்பத்தாறு என்றார் குலமணி.

"துவாயக் கழிச்சீங்களா?"

"கழிச்சாச்சு."

"இன்னொருக்கா கழிச்சுப் பாருங்க, மிஸ்"
என்றாள் உன் அம்மா.